வாயில் வராத பேர்

"ஏனுங்க அண்ணி, அண்ணன் பேரை மட்டும் ஏன் சொல்லித் தரலீங்க?"

லோகப்பிரியா பத்தாவதோடு படிப்பை விட்டவள். கேட்க நினைத்ததை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

அம்மா பழனாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. "வீட்ல அதிகமாப் புழங்குற வார்த்தைகளை முதல்ல பழக்குங்க. மத்ததெல்லாம் பின்னாடி வரும்" என்றார் டாக்டர். மருமகள் ராமாமணி கட்டிலோரம் உட்கார்ந்து பழக்கினாள். தண்ணி வந்தது. சோறு வந்தது. வலியும் வந்தது.

"இந்த ஊட்ல அதிகமாப் புழங்குனது தண்ணியும் சோறுமா? விடிஞ்சா பொழுது போனா 'சங்கரு, சங்கரு'ன்னுதானே அம்மா கத்தும்?"

"தினமும் சொல்லித்தான் பாக்கறேன் கண்ணு. அத்தைக்கு அது மட்டும் வரமாட்டேங்குது."

"பொய்யி."

அண்ணன் கிருபாசங்கர் லாரி மோதிச் செத்தபோது, அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்ததும், மகன் பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்தார்கள். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று ராமாமணி இன்னும் பொட்டு வைத்து, கலர் சேலை கட்டினாள்.

பெரியம்மா நஞ்சம்மாள் வாசலிலேயே சொல்லிப்போட்டாள். "பெத்தவ வாயில பேரு வர்ற அன்னிக்கு உண்மையைச் சொல்லிப்போடோணும். அன்னிக்கே இவளும் வெள்ளை கட்டிக்கோணும். எத்தனை நாளைக்கு இந்த மினுக்கு?"

லோகப்பிரியாவுக்கும் அதே எண்ணம்தான்.

"வெள்ளைச் சேலைக்குப் பயந்துதானே எங்கம்மா வாயை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

ராமாமணி குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போய்விட்டாள்.

லோகப்பிரியா கதவைச் சாத்தினாள். அண்ணன் போட்டோவை அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"யாரும்மா இது? சொல்லு. சங்..."

அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"உன்ற பையன் பேருகூடவா மறந்துபோச்சு? சொல்லித் தொலையேம்மா!" அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அம்மா கதவைப் பார்த்தாள். விளங்குகிற கையால் மகளைக் கிட்டே இழுத்தாள்.

"சங்கரு."

ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அம்மா! அப்ப... உனக்கு வருதா?"

"செத்து... போச்சு. தெரியும்."

பேச்சு போனவளுக்குக் காதும் போனதாக நினைத்து, பார்க்க வந்த சொந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறது.

"பெரியம்மாளைக் கூட்டியாரேன்." எழுந்தவளின் தாவணியை அம்மா விடவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடிக் கோத்தாள்.

"சொல்லாதே... அவ பொட்டு... இருக்கட்டும்."