கருப்பட்டித் துண்டு

“கண்டக்டர், வண்டியைச் சித்தெ நிறுத்துங்க. ஒரு சுருட்டு வாங்கிக்கிட்டு ஓடியாந்திடுறேன்.”

“புதுக்கோட்டை ராஜாவே வந்து சொன்னாலும் நிறுத்த முடியாது. அந்த ராஜாங்கமே போயி ஒரு வருஷமாச்சு!” என்றான் கண்டக்டர் முனியசாமி. “இது பெட்ரோல் வண்டியில்லை, அடுப்புக் கரியிலே ஓடுற கரி வண்டிய்யா. நின்னா அடுப்பைக் கிண்டி, விசிறியைச் சுத்தி, மறுபடி கெளம்ப அரை மணி ஆகும். புதுக்கோட்டையிலே போயி வாங்கிக்கங்க.”

கேட்டது பின் சீட்டு ஆசாமி. பகீரென்றது என்னவோ ரெண்டாவது சீட்டில் இருந்த உண்ணாமலை ஆச்சிக்கு.

ஆச்சிக்கு அவசரம். என்ன அவசரமா? வெளியே சொல்ல முடியாத அந்த அவசரம்தான்.

பாவம், தப்பு அவளுடையதில்லை. மகனுக்கு அரிமளத்தில் பெண் நிச்சயமாகி எட்டு நாள்கூட ஆகவில்லை. வீட்டுக்காரச் செட்டியார் கொழும்பில் இருப்பதால், முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டுக்கு இவள் மட்டும் போனாள். பானகம் கொடுத்தார்கள், குடித்தாள். இளநீர் வந்தது. நீர்மோர் வந்தது. வேண்டாம் என்றால், “மாப்பிள்ளையோட ஆத்தாளுக்கு நம்ம வீட்டிலே கை நனைக்கப் பிடிக்கலை” என்று பேச்சு வந்துவிடாதா? அத்தனையும் உள்ளே போயிற்று. புறப்படும்போது ஒரு லோட்டா காப்பி வேறு.

அத்தோடு விட்டார்களா? “தனியாவா போறது? நானே வந்து வீட்டுலே விட்டுட்டு வாரேன்” என்று சம்பந்திச் செட்டியாரே கூட ஏறிவிட்டார். இதோ, முன் சீட்டில் பட்டை பட்டையாய் விபூதியும் அங்கவஸ்திரமுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் காது கேட்க, “வண்டியை நிறுத்து, நான் எறங்கணும்” என்று மாப்பிள்ளையைப் பெற்றவள் சொல்வாளா? உயிரே போனாலும் சொல்ல மாட்டாள்.

ரோட்டில் இருந்த குழி ஒன்றைக்கூட வண்டி விட்டுவைக்கவில்லை. ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. காலை மாற்றிப் போட்டாள். திரும்ப மாற்றிப் போட்டாள்.

‘திருக்கோகர்ணத்து அம்மா, இந்த வண்டிக்கு ஒரு பஞ்சரைக் குடு தாயே! ஒனக்குப் பட்டுப் பாவாடை சாத்துறேன்.’

பஞ்சர் ஆகவில்லை. டயர் புதுசு போலிருக்கிறது.

பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய சின்னப் பெண் ஒருத்தி. பெயர் ரமீஜா. கடற்கரைப் பக்கத்தவள். துணைக்கு வந்த மாமனார் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு வயசுப் பிள்ளை, கருப்பட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

“என்ன ஆச்சி, மேலுக்கு முடியலையா?” என்றாள் ரமீஜா.

“எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன். ஓம் பிள்ளையைப் பாரு.”

ரமீஜா பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் அதன் கையிலிருந்த கருப்பட்டியைப் படக்கென்று பிடுங்கித் துப்பட்டி முனையில் முடிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். பிள்ளை போட்ட கூச்சலில் வண்டியே அதிர்ந்தது. பின்னாலிருந்த மாமனாரின் குறட்டைகூட நின்றுவிட்டது.

“அண்ணே, பிள்ளைக்கு வயித்து வலி! வெளிக்கி விடணும், நிறுத்துங்க!” என்று கத்தினாள் ரமீஜா.

ஆச்சிக்கு எரிச்சலான எரிச்சல். ‘அடிப்பாவி! இவ எறங்கணும்கிறதுக்காகப் பெத்த பிள்ளையை அழவிடுறாளே. பொய் வேற!’ அதைப் போட்டு உடைக்க வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என்னவோ, உடைக்கவில்லை.

“அதெல்லாம் முடியாதும்மா” என்றான் முனியசாமி. பிள்ளை இன்னும் ஒரு கட்டை ஏற்றியது.

“யோவ், நிறுத்துய்யா!” என்று எழுந்தவர் வேறு யாருமில்லை, சம்பந்திச் செட்டியாரேதான். “பச்சைப் பிள்ளைக்குத் தொண்டை கிழியுது. அரை மணி ஆனா ஆகட்டும்!”

வண்டி நின்றது.

“ஆச்சி, தனியா எறங்கக் கூச்சமா இருக்கு. தொணைக்கு வாரீங்களா?”

“என்னத்தைச் செய்ய? இந்தத் தள்ளாத வயசுலே இது ஒரு வேலை” என்று சம்பந்தி காதில் விழும்படி சலித்துக்கொண்ட ஆச்சி, ரமீஜாவுக்கு முந்தி இறங்கினாள். அந்த வயசில் அப்படி ஓடி யாரும் பார்த்திருக்க முடியாது.

கள்ளிப்புதருக்கு இந்தப் பக்கம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள் ரமீஜா.

திரும்பி வந்தபோது ஆச்சிக்கு உலகமே நல்லதாகத் தெரிந்தது. காற்று நன்றாக இருந்தது. கரிப்புகைகூட நன்றாக இருந்தது. அம்மாளுக்குப் பட்டுப் பாவாடை நிச்சயம்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பியதும் ரமீஜா முடிச்சை அவிழ்த்துக் கருப்பட்டியைப் பிள்ளை கையில் கொடுத்தாள். அழுகை அந்த நிமிஷமே நின்றது.

ஆச்சிக்கு இப்போது பழைய மிடுக்கெல்லாம் வந்துவிட்டது. “பாத்தீங்களா சம்பந்தி, இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்குப் பிள்ளை வளக்கவே தெரியலை” என்று முன்பக்கம் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, நீயெல்லாம் ஒரு தாயா? இந்தக் கருப்பட்டியை அப்பவே குடுத்திருந்தா பிள்ளை இம்புட்டு அழுதிருக்குமா?”

ரமீஜா முன் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆச்சியின் காதருகே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“பிள்ளை அழுதிருக்காது ஆச்சி. வண்டி நின்னிருக்குமா?”