விட்ட இடம்

மூட்டை தூக்கி வீங்கிய தோளைத் தடவிக்கொண்டே சுமைக்காரர் செல்போனைத் திறந்தார். இன்றைய வேலைப் பட்டியலைக் கடைசிவரை தள்ளியும் அவர் பெயர் இல்லை. பட்டியல் போடுபவன் அவர் மனைவியின் தம்பி. நேரே கிடங்குக்குப் போனார்.

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் வயித்துலயே அடிக்கிறியாடா?"

"மாமா, சொல்றதக் கேளுங்க..."

அவர் கேட்கவில்லை. விட்ட குத்தில் மச்சானின் முன்பல் தரையில் தெறித்தது.

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு, ரத்த விரலால் அவருடைய செல்போனில் பட்டியலைக் கீழே இழுத்தான். மேலே மறைந்திருந்த பெயர்கள் இறங்கி வந்தன. முதல் பெயர் அவருடையது.

"நேத்து நீங்க பாத்து விட்ட இடத்துலதான் இன்னிக்கும் திறக்கும், மாமா. மேல யாரு பாக்குறது?"

சுமைக்காரர் அன்று முதல் ஆளாக வேலைக்குப் போனார். மச்சானுக்கு அவர் தர வேண்டிய பாக்கி, ஒரு பல்.