மூன்றாவது வட்டம்

மேனேஜரின் காதுக்குப் பின்னால் மறுபடியும் முடி கொட்டி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்திருந்தது. இது மூன்றாவது தடவை.

மேனேஜர் என்பது அவள் மகள் வளர்க்கும் கினிப் பன்றி, வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே தின்றுகொண்டிருக்கும். தீனி கொஞ்சம் தாமதமானால் விசிலடித்து வீட்டையே அதட்டும். அதனால் வந்த பெயர். வைத்தது அவள் கணவன்தான், கிண்டலாக.

படர்தாமரை என்று கால்நடை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒட்டிக்கொள்ளும், பிடிவாதமானது, ஆனால் போய்விடும் என்றார். போகத்தான் செய்தது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதையும் விரட்டினார்கள். இதோ, மறுபடியும்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். எந்தக் கிருமி எந்தத் துணியில் ஏறிப் போகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூண்டில் விரிக்கும் துணியைக் கொதிநீரில் போட்டாள். கம்பி கம்பியாகத் துடைத்தாள். ஞாயிறுதோறும் மகளை விளக்குக்கு அடியில் உட்காரவைத்துக் கை, கழுத்து, தலை எல்லாம் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன்னையும் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேர் மேலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது?

கணவனை மட்டும் பார்க்கவில்லை. வந்த நாளிலிருந்து அதை ஒரு விரலால்கூடத் தொடாத மனுஷனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எலிக்கு மெத்தையா, எலிக்கு டாக்டரா என்று முணுமுணுத்துக்கொண்டே கூண்டைத் தாண்டிப் போகிறவன் அவன்.

ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. காலையில் அவள் இடது பக்கம் மாட்டிவிட்டுப் போகும் கூண்டுக் கொக்கி, சில நாள் சாயங்காலம் வலது பக்கம் மாட்டியிருக்கும். கணவன் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். மகள் வர நாலரை ஆகும், அவள் வர ஆறாகும். நடுவில் இவன் அந்த வாயில்லாப் பிராணியை என்ன செய்கிறான்? அழுக்குத் தரையில் விட்டு விரட்டுகிறானோ?

ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"அந்த எலி பக்கத்துல நான் எதுக்குப் போறேன்?" என்றான் அவன், மார்பைச் சொறிந்துகொண்டே. வண்டியில் புதிதாகப் போட்ட சீட் பெல்ட் உரசுகிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான்.

நேற்று மகள் கழுத்தைச் சொறிந்தாள். பார்த்தால் கொசுக்கடிதான். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு உயிரே போய்விட்டது. போதும் என்று முடிவு கட்டினாள். இந்த மாதிரிப் பிராணிகளை எடுத்து வளர்க்கும் காப்பகம் ஒன்று டாக்டருக்குத் தெரியும். கொடுத்துவிட வேண்டியதுதான்.

மகள் அழவில்லை. காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வந்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கணவனும் வாயைத் திறக்காமல் ஓட்டினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க நினைச்சது நடந்துடுச்சு. இப்ப சந்தோஷமா?"

அவன் கியரை மாற்றினான்.

டாக்டரம்மா மேனேஜரை மேஜைமேல் வைத்தார். பயத்தில் அது ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டது. அவள் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா, அவர்களிடமிருந்தே திரும்ப ஒட்டியிருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். தொடுகிற இரண்டு பேரையும் பார்த்தாயிற்று என்றாள். டாக்டர் பெருமூச்சு விட்டுக் காப்பகத்துக்குப் பேச போனை எடுத்தார்.

"டாக்டர்."

வாசலில் பாதி உடம்பை வெளியே வைத்து நின்றிருந்த கணவன்தான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை மருந்து போட்டுப் பார்க்கலாமே."

அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம். மேனேஜர் மேஜை விளிம்புக்கு ஓடிவந்து, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து விசிலடிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. விழுந்துவிடாமல் டாக்டர் கையால் அணைத்துப் பிடித்தார்.

"இது கண்டவங்களைப் பார்த்துக் கத்தாது. தினம் கையில வச்சுத் தீனி கொடுக்கிற ஆளைத்தான் இப்படிக் கூப்பிடும்."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளோ கணவனின் சட்டையைப் பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான்.

"சட்டையைத் திறங்க" என்றாள்.

அவன் கொஞ்சம் தயங்கி, மூன்று பொத்தானைக் கழற்றினான். இடது மார்பின் மேல்பக்கம், பெல்ட் படாத இடத்தில், சிவப்பாக இரண்டு வட்டங்கள். சரியாக ஒரு கினிப் பன்றி படுத்துத் தூங்குகிற இடம். காரில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து அவளுக்கு முகம் சுட்டது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜருக்கு மருந்து எழுதினார்; அவனைத் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். மேனேஜர் எங்கேயும் போக வேண்டாம், ஆனால் நாலு வாரத்துக்குச் சார் அதைத் தூக்கவே கூடாது என்றார்.

அவன் பொத்தானை மாட்டிக்கொண்டே மேஜையைப் பார்த்தான். அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

"தூக்கலை டாக்டர். பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம்ல?"