வெள்ளைக் கீற்று

“சிஞ்ஞோறா, தெரியாமல் பிறஷைப் பிளீச்சிலை கழுவிப்போட்டன். மயிரெல்லாம் விரிஞ்சு போச்சு.”

வேலைக்காரி கிளறா தலைகுனிந்து நின்றாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் அந்த வீட்டு எசமானியான சிஞ்ஞோறா, தூரிகையால் சீன எழுத்து எழுதிப் பழகுகிறவள். கிளறா ஞாயிறு காலையிலும் பக்கத்தில் நின்று மை அரைக்க வேண்டும்.

முகம் சுருங்க, அதே தூரிகையை மையில் தோய்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள் சிஞ்ஞோறா. கறுப்புக் கோட்டின் நடுவே வெள்ளைக் கீற்றுகள் பறந்தன.

நெடுநேரம் பார்த்தாள்.

“இப்பிடியொரு அழகான கோடு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இனி பிறஷ் கழுவுறது நீதான். ஒரு ஞாயிறும் வராமல் விடாதை.”

மாலையில் அக்கா மொனிகா தொலைபேசியில் கேட்டாள்.

“நான் சொன்னமாதிரி பிறஷைப் பழுதாக்கினியே?”

“ஓம்.”

“பிறகென்ன, இனி உன்னை மை அரைக்கக் கூப்பிடமாட்டா. ஞாயிறு சேர்ச்சிலை பூசைக்கு வருவாய்தானே?”

“இல்லையக்கா. கோடு நல்லா வந்திட்டுது.”