புதுசு வரும்வரை

கம்பெனி போட்ட திட்டம் சுலபமானது: புது விமானங்கள் வரும்வரை, இருக்கிற இரண்டில் ஒன்றைக் கழற்றி மற்றதை ஓட்டுவது.

அக்கா விமானம் பறந்தது. ஓரமாக நிறுத்திவைத்த தங்கை விமானத்திடமிருந்து முதலில் சக்கரங்களைக் கழற்றி அக்காவுக்கு மாட்டினார்கள். பிறகு என்ஜின்.

அக்கா தரையிறங்கும்போதெல்லாம் தங்கை ரேடியோவில் கேட்பாள். "அக்கா, புதுசு வந்துடுச்சா?"

"அடுத்த மாசமாம்டி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் காலையில் அக்காவின் பழுதான ரேடியோவை மாற்றினார்கள். மதியம் அவள் தரையிறங்கியபோது, புது விமானம் ஒன்று பளபளவென்று நின்றது.

"வந்துடுச்சுடி தங்கச்சி! இனிமே உன்மேல யாரும் கை வைக்கமாட்டாங்க!"

பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

காலையில் தனக்கு மாட்டிய ரேடியோ எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.