ஜன்னலில் ஒரு கொய்யா மரம்

டொப்.

காலையிலிருந்து இது மூன்றாவது முறை. ஹால் ஜன்னலில் மோதிய கொண்டைக்குருவி கீழே செடிக்குள் விழுந்தது. தலையை இரண்டு தடவை உதறிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல எழுந்து பறந்து போனது.

கண்ணாடியில் அதன் இறக்கை தூசியால் வரைந்த படம்போலப் பதிந்திருந்தது. என் வீட்டுக்காரர் வைப்பரோடு போய் ஒரே இழுப்பில் அதைத் துடைத்தெடுத்தார்.

அவருக்குத் தொழிலே அதுதான். ஊரில் பாதிக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கண்ணாடி துடைப்பவர். துடைத்து முடித்தால் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியக் கூடாது என்பது அவர் கட்சி. வெளியில் துடைப்பதைவிட வீட்டில் இன்னும் ஒரு படி மேலே.

"குருவிக்குப் பார்வை மங்கிடுச்சோ என்னவோ. நீதான் பவர் பாக்குறவளாச்சே, கூப்பிட்டு உக்கார வச்சுப் பாரேன்," என்றார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஜன்னலுக்கு நேர் எதிரே கொய்யா மரம். அதில் அந்தக் குருவியின் கூடு. நேற்றுவரை கூட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த மூன்று குஞ்சுகளும், இன்று விடிந்ததும் கிளைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. எந்த நிமிடமும் பறக்கலாம். தாய் வாங்கிய அடியை அந்த எலுமிச்சம்பழ அளவு உடம்புகள் தாங்காது.

ஒரு வாரமாக நாங்களும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டோம். பருந்துபோலக் காகிதம் வெட்டி உள்பக்கமாக ஒட்டினேன். பருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளி மோதியது. அடர்நீலத் திரையை இழுத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு மோதல் கூடுதல். அழுக்கினால்தான் கண்ணாடி அதற்குச் சரியாகத் தெரியவில்லை போலும் என்று, அவர் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

கடையில் ஒருவர் எழுத்து தெரியவில்லை என்றால், நான் எழுத்துப் பலகையின் பக்கத்தில் போய் நின்று என்ன பயன்? அவர் உட்கார்ந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பலகைமேல் விளக்கு வெளிச்சம் அடிப்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

குருவியின் நாற்காலி கொய்யா மரத்தில் இருந்தது.

அவருடைய ஏணியைக் கொண்டுபோய், குஞ்சுகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி விரித்து வைத்தேன். நான் ஏறிப் பார்த்தேன். உடனே இறங்கினேன்.

"ஏங்க, இங்க வந்து ஏறி உக்காருங்க."

"அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க?"

"உங்களை ஏணிமேல பாக்காத ஆள் இந்த ஊர்ல யாரு? ஏறுங்க."

ஏறினார். உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

இத்தனை வருடமும் கண்ணாடியை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தவர். இல்லாவிட்டால் உள்ளேயிருந்து பார்த்தவர். இந்த இடத்திலிருந்து பார்த்ததேயில்லை.

இங்கிருந்து பார்த்தால் கண்ணாடி இல்லை. சுவரில் ஒரு வாசல் இருந்தது. அதற்குள் ஒரு கொய்யா மரம், அதன் பின்னால் வானம், கிளையில் மூன்று குஞ்சுகள். உள்ளே நான் ஒட்டிய பருந்து அந்த இலைகளுக்குப் பின்னால் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. பிம்பம் விழுவது வெளிப்பக்கம். உள்ளே எதை ஒட்டினாலும் அது பிம்பத்துக்குப் பின்னால்தான். உள்ளே இருட்டாக இருந்தாலோ பிம்பம் இன்னும் பளிச்சென்று விழும். என் நீலத் திரை அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

தவிர, இலைக்கும் இலைக்கும் நடுவில் புகுந்து பழகிய குருவிக்கு ஒரு சாண் இடைவெளி என்பது ராஜபாட்டை. அதன் உடம்பு நுழைய முடியாது என்று தோன்றினால்தான் திரும்பும்.

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"அன்னிக்கு உனக்கும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கடையின் கண்ணாடிக் கதவை அப்போதுதான் ஒருவர் துடைத்து முடித்திருந்தார். ஊரார் கண்ணைச் சோதிக்க வந்தவள், உள்ளே காத்திருந்த ஏழு பேர் பார்க்க, நேராகப் போய் அதில் மோதினேன். என் முன்பல் ஒன்று இன்றுவரை கட்டுப்பல். கையில் வைப்பரோடு ஓடி வந்து, பல் டாக்டரிடம் கூட்டிப்போய், வழி முழுக்க மன்னிப்புக் கேட்ட மனிதரைத்தான் மறு வருடம் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு மரமெல்லாம் தெரியலை," என்றேன். "அந்தப் பக்கம் நீங்க நின்னுட்டிருந்தீங்க."

ஏணி குலுங்கச் சிரித்தார். தாய்க்குருவி மேல்கிளையிலிருந்து எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டியது.

ஓரத்துக் குஞ்சு இறக்கையை விரித்து விரித்து மூடியது. அவர் ஒரே தாவலில் இறங்கினார். வாளியிலிருந்த சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கண்ணாடியை அழுக்காக்கத் தொடங்கினார். அதிலும் அவர் கையில் கோணல் இல்லை. தூக்குக்குண்டு கட்டி இழுத்ததுபோல ஒவ்வொரு கோடும் நேராக இறங்கியது.

கடைசிக் கோடு பாதி இறங்கும்போது குஞ்சு பறந்தது.

நேராக ஜன்னலை நோக்கி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டொப் என்ற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அது துணிக்கொடியில், என் நைட்டிக்கும் அவர் சட்டைக்கும் நடுவில், ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே மற்ற இரண்டும் வந்து சேர்ந்தன.

அதைத் திருப்பியது வேறொன்றுமில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், மேலிருந்து கீழாக, மூன்று விரல் இடைவெளி விட்டு விட்டுச் சோப்புக் கோடுகள்.