வெற்றிலைத் தட்டு இல்லாத கூட்டம்

“முதல்ல இந்த வெத்தலைத் தட்டை உள்ள கொண்டுபோகச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

சங்கிலிப்பாண்டி இப்படிச் சொன்னதும் கூடத்தில் இருந்த மற்ற மெம்பர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற கோமதியம்மாளுக்குச் சுருக்கென்றது. அது அவள் கையால் துடைத்து, சுண்ணாம்பு தடவி மடித்து வைத்த வெற்றிலை.

முப்பத்தெட்டாம் வருஷத்துச் சாரல் காலம். பஞ்சாயத்து போர்டு கட்டடம் ஒழுகியதால், பிரசிடெண்டு நாறும்பூநாதன் வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம். குற்றால மலையிலிருந்து சாரல் இறங்கி ஓட்டில் பொசுபொசுவென்று விழும். உள்ளே வெற்றிலையும் சுக்குக் காப்பியுமாக ஆறு மெம்பர்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் பேச்சையும் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லாம் நடந்தது. அப்படி ஒரு காலம்.

பிரசிடெண்டுக்கு நிஜமாகவே காது கேட்காது. அது கோமதியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். முந்தின வருஷம் வந்த மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தின்று தின்று, காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

“வெளிய தெரிஞ்சா நாற்காலிய விட்டு எறக்கிருவானுவ, கோமதி. அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?” என்றார் அவர்.

அன்றிலிருந்து வீட்டுப் பேச்செல்லாம் கைச்சைகைதான். கூட்ட நாளில் அவள் எதிரே கதவு இடுக்கில் நிற்பாள். யாராவது எதையாவது கேட்டால் அவர் கண் அங்கே போகும். அவள் தலை மேலும் கீழும் ஆடினால் சரி. பக்கவாட்டில் ஆடினால் கூடாது. ஒரு வருஷமாக ஊரை ஆண்டது அந்தத் தலையாட்டல்தான்.

போன கூட்டத்தில் பால் பொங்கிற்று. அவள் அடுப்படிக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து, வந்திருக்கிற ஒரே விளக்குக் கம்பத்தைத் தெற்குத் தெருவில் நடவேண்டும் என்று சங்கிலிப்பாண்டியும், பள்ளிவாசல் முக்கில் நடவேண்டும் என்று அப்துல் மஜீதும் சேர்ந்தாற்போல் கேட்டார்கள். கதவில் தலையைக் காணாத பிரசிடெண்டு இரண்டு பேருக்கும் ‘சரி’ என்று சொல்லிவிட்டார்.

“ஒத்தக் கம்பத்த ரெண்டு எடத்துல எப்படி வே நடுவாக?” என்று மஜீது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பதினோரு வருஷமாக எதிர்த்துப் பேசுவதற்கென்றே கூட்டத்துக்கு வருகிற சங்கிலிப்பாண்டிக்கு இது போதாதா? இன்றைக்குக் ‘கூட்டத்தில் பேசும் விதிகள்’ என்று காகிதத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டார். வந்த கோலமும் புதுசு. உதட்டை மூடிக்கொண்டு கன்னம் வரை நின்ற அந்த மீசையைக் காணோம்.

“மீசை எங்க வே? அருவி இழுத்துட்டுப் போயிட்டா?” என்றார் மஜீது.

“நேர்த்திக்கடன். நீரு விதியக் கேளும்.”

கிளார்க் கைலாசம் வாசித்தார். ஒரு நேரத்தில் ஒருவரே பேசவேண்டும். பேசுகிறவர் பிரசிடெண்டின் மேசைக்கு முன்னால் வந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகம் காட்டி, நிறுத்தி நிதானமாகப் பேசவேண்டும். வாயில் வெற்றிலை கூடாது.

“வெத்தலை போடாம எனக்குப் பேச்சு வராதுல்லா,” என்றார் மஜீது.

“அப்ப சும்மா இரும். ஊருக்கு நல்லது.”

கூடம் சிரித்தது. பிரசிடெண்டு கதவைப் பார்த்தார். கோமதியம்மாள் வேகவேகமாகக் ‘கூடாது’ என்று தலையை ஆட்டினாள். அதற்குள் நாலு கை தூக்கியாகிவிட்டது. விதி நிறைவேறியது. வெற்றிலைத் தட்டும் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

முதல் ஆளாகச் சங்கிலிப்பாண்டியே மேசைக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய அகன்ற முதுகு நடுவில் அடைத்துக்கொண்டது. அவளுக்குப் புருஷன் முகம் தெரியவில்லை. அவருக்கும் இவள் தலை தெரியாது.

யாருக்கும் கேடு நினைத்தறியாத கோமதியம்மாள் அன்றைக்கு, ‘குழல்வாய்மொழி அம்மா, இவன் நாக்கு இழுத்துக்கிடட்டும்’ என்று குற்றாலத்து அம்மனை வேண்டிக்கொண்டாள்.

“தெற்குத் தெரு படித்துறையில பொம்பளையளு இருட்டுல வழுக்கி விழுதாக. கம்பம் அங்கனதான் வேணும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“படித்துறைன்னா ஓடையோரமால்லா நடணும்? வெள்ளம் வந்தா கம்பம் நிக்குமா, சங்கிலி?”

அவர் குரல்தான்.

அம்மன் காதைத் திறந்துவிட்டாள். கோமதியம்மாளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. அடுத்து மஜீது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினார். அவருக்கும் சரியான பதில் கிடைத்தது. கடைசியில் கம்பம் பள்ளிவாசல் முக்குக்கே போயிற்று. சங்கிலிப்பாண்டிக்குத் தோல்வி.

எல்லோரும் போனபிறகு சங்கிலிப்பாண்டி மட்டும் குடையை எடுக்க நடைப்பக்கம் வந்தார்.

“காப்பி தீந்துட்டு,” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“காப்பி கெடக்கட்டும், மதினி,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “இனிமே நீங்க கதவு இடுக்குல நின்னு கழுத்து நோகத் தலையாட்டாண்டாம்.”

அவள் கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். “யாருகிட்டயும் சொல்லிராதீங்க,” என்றாள்.

“நான் எதுக்குச் சொல்லுதேன்? நான் சொல்லுதது அவுகளுக்குப் புரிஞ்சாத்தான எதுத்துப் பேசுததுல ஒரு ருசி இருக்கு?” குடையை விரித்தார். “கைலாசம் நேருக்கு நேரா நின்னு பேசினா, அண்ணாச்சி உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிடுதாக. நான் பேசினாத்தான் முழிச்சாக.”

மழித்த மேலுதட்டை ஒருதரம் தடவிக்கொண்டு சாரலில் இறங்கினார்.

“இந்த மீசை மறைச்சிருக்கு, மதினி.”